கட்டில் கம்பியில் சைக்கிள் மணி

வா கண்ணு, கிட்ட வந்து உட்கார். அந்த நாற்காலி ஆடும், இதை இழுத்துப் போட்டுக்கொள். போலீஸ் என்றாலும் விசாரிக்க வந்தவளை நிற்கவைத்துப் பேச எனக்கு மனசு வராது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, "அன்னைக்கு மணி ரொம்ப நேரம் அடிச்சுது, இவங்க வீட்லதான் இருந்தாங்க" என்று சொன்னாளாமே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். மீதியை நான் கதையாகச் சொல்கிறேன், பொய் கலக்காமல். முதலில் முதுகை நிமிர்த்து. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கிறது பார். உன் வயசில் நானும் இப்படித்தான் உடம்பைக் கவனிக்காமல் திரிந்தேன்.

என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இழுப்பு முற்றிப் படுக்கையில் விழுந்ததும், கடையில் மிஞ்சிய ஒரு மணியைக் கட்டில் கம்பியில் தாமே முடுக்கிக்கொண்டார். "கத்துனா மூச்சு வாங்குதுடி. இனி மணி அடிப்பேன், வந்துடு" என்றார். அடித்தார். மின்விசிறி வேகமாகச் சுற்றினால் மணி. மெதுவாகச் சுற்றினாலும் மணி. ஓடிப்போய் நின்றால், "மூக்குக்கண்ணாடிய எங்கடி வெச்ச?"

"உங்க மூக்கு மேலதான் இருக்கு."

"அத அங்கிருந்தே சொல்றதுக்கு என்ன?"

நீளமாக, விடாமல் அடித்தால் மட்டும் அர்த்தம் வேறு. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அவருடைய இன்ஹேலர். மூச்சு முட்டினால் எடுத்து அழுத்திக்கொள்வார். அது கைக்கு எட்டாமல் போனால்தான் அந்த நீள மணி.

வெளியூரில் இருக்கும் என் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, நீ உன்னைப் பாத்துக்கவே மாட்டேங்கிற. சுவர் இருந்தாத்தானே சித்திரம்?" சொன்ன கையோடு என்னை ஒரு நலவாழ்வு வகுப்பில் சேர்த்தும் விட்டாள். வந்து அப்பாவை நாலு நாள் பார்த்துக்கொள்வதைவிட அது சுலபம். பாவம், குழந்தைக்கு வேலை அதிகம்.

மருந்துக்கடை மாடியில் வகுப்பு. பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு என் பேத்தி வயசு இருக்கும். பாயில் படுக்கவைத்து, "இப்ப உங்க இடது முழங்கால் என்ன சொல்லுது ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"படி ஏறும்போது உன்னைத்தான் திட்டிச்சு" என்றேன்.

சிரித்தாள். ஆனால் கண்ணு, அந்த முழங்காலை அதுவரை யாரும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வெளிய என்ன சத்தம் வந்தாலும் விரட்டாதீங்க, அது பின்னால ஓடவும் ஓடாதீங்க. உடம்புல எங்க வந்து விழுதுன்னு மட்டும் பாருங்க" என்றாள்.

மறுநாள் காலையிலேயே கூடத்தில் பாயை விரித்தேன். மணி அடித்தது. பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் வந்து விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாளில் மூக்குக்கண்ணாடியை அவரே கண்டுபிடிக்கப் பழகிவிட்டார். பயிற்சிக்குப் பலன் இல்லை என்று இனி யாராவது சொல்லட்டும்.

காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துப் படுத்தால் இடுப்புக்கு நல்லது என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ஒருநாள் கட்டில் பக்கத்து ஸ்டூலை மருந்தோடு எடுத்து வந்துவிட்டேன். மறதிதான். நீள மணி அடித்ததும் அலறி அடித்துக்கொண்டு ஓடினேன். மருந்து உள்ளே போய் முகத்தில் நிறம் திரும்பியதும், "எமன் எட்டிப் பாத்துட்டுப் போறான்டி. இனிமே ஸ்டூல நகத்தாதம்மா" என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். அவர் வாயில் நான் 'அம்மா' கேட்டது அன்றைக்குத்தான். நகர்த்த மாட்டேன் என்றேன்.

போன திங்கட்கிழமை, அவர் தூங்கும்போது, அதே ஸ்டூலை எடுத்து வந்தேன்.

கூடத்தில் இன்னொரு ஸ்டூல் இருக்கிறதே என்று உன் பார்வை போகிறது. இருக்கிறது. அதன் உயரம் என் காலுக்குச் சரிப்படவில்லை. மருந்தை நான் எறிந்துவிடவில்லை, பத்திரமாக என் தலைமாட்டில்தான் வைத்துக்கொண்டேன்.

மணி நீளமாக அடித்தது. நான் கால் கட்டைவிரலில் தொடங்கினேன். பாதம், கணுக்கால், முழங்கால். வரிசை தவறினால் பலன் குறைந்துபோகுமாம். இடுப்புக்கு வந்தபோது மணி விட்டு விட்டு அடித்தது. தோளுக்கு வந்தபோது நின்றது. எவ்வளவு அமைதி! முகத்தைத் தளர்த்தி, வலப்பக்கம் புரண்டு, மெதுவாக எழுந்தேன். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஸ்டூலைக் கட்டில் பக்கத்தில் போட்டு, மருந்தை அதன்மேல் வைத்துவிட்டு, அப்புறம்தான் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன்.

மகள் வந்தாள். அப்பா படத்தைப் பெரிதாக்கி அதோ மாட்டியிருக்கிறாள். சித்திரம் ஆயிற்று. சுவரும் நன்றாகத்தான் இருக்கிறது.

கொன்றீர்களா என்று கேட்கிறாய். ஆமாம், எழுதிக்கொள். ஆனால் வஞ்சம் என்று மட்டும் எழுதாதே. அன்றைக்கு என் உடம்பு எழ மாட்டேன் என்றது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதன் பேச்சைக் கேட்டேன், அவ்வளவுதான்.

இரு, தெருவில் ஏதோ சைக்கிள் மணி.

"உட்காருங்கம்மா, அது யாரோ போறாங்க" என்கிறாய். நான் எங்கே எழுந்தேன்? கால்தான் எழுந்துவிட்டது. எந்த மணி கேட்டாலும் அதற்கு இதே வேலை. திங்கட்கிழமையும் விட்டால் ஓடியிருக்கும். தொடை இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் தோள்வரைக்கும் வந்து முடித்தேன்.

போய் வா கண்ணு. உன் வீடு நன்றாக இருக்கட்டும். கூப்பிடுகிற குரல் அங்கே நீடித்து இருக்கட்டும், ஓடி வருகிற கால் நோகாமல் இருக்கட்டும்.