தேடுவதற்கு மூன்று நிமிடம்

ஓட்டல் சலவைக்காரர்களைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வருடத்தில் முப்பது வாரம் ஓட்டல் அறையில் கழிக்கிறவன் நான். காலர் முறுகாமல், மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம். உங்கள் மேஜைமேல் அந்த பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதைப் பார்த்துப் பயந்துதான் நான் பேசுகிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நானாகத்தான் சொல்கிறேன். அது என் சுபாவம்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். பதினெட்டு வருடமாக நாடு நாடாகப் போய் கோல்ஃப் ஆடுகிறேன். பெரிய கோப்பை எதுவும் ஜெயித்ததில்லை. ஆனாலும் விமான நிலையத்தில், "சார், நீங்க நேர்மை தானே?" என்று கேட்டு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் அது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு பந்தயத்தின் கடைசி நாள், கடைசிக் குழி. என் பந்து புல்லில் கிடந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தேன். பந்து அரை அங்குலம் நகர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். "என் மட்டை பட்டுப் பந்து நகர்ந்துவிட்டது" என்றேன். கணக்கில் ஒரு அடி கூட்டி அபராதம்; குறைந்த அடியில் முடிப்பவன்தான் எங்கள் ஆட்டத்தில் ஜெயிப்பான். அந்த ஒரு அடியில் கோப்பை போயிற்று. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அந்த வீடியோவைத்தான் முதலில் போட்டுக் காட்டுவாள், தண்ணீர்கூட அப்புறம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மேடையில் என்னை ஆட்டக்காரர்களின் ஒழுங்குக் குழுவுக்குத் தலைவராக அறிவிப்பதாக இருந்தது.

இனி மச்சான்.

இறந்துபோனவர் என் மனைவியின் அண்ணன். பதினோரு வருடம் எனக்குக் கேடியாக இருந்தார். பையைத் தூக்குவது, தூரத்தை அளப்பது, எந்த மட்டை என்று சொல்வது, எல்லாம் அவர்தான். "போலீஸ் லிஸ்ட்ல இருக்கற கேடி இல்லீங்க, இது வேற" என்று எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்துகொள்வார். சாயங்காலம் நான் கழற்றிப் போடுகிற பேண்ட்டின் பாக்கெட்டுகளைத் துழாவி, பென்சில், சில்லறை, மறந்துபோன பந்து என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகு சலவைப் பையில் போடுவதும் அவர்தான். கழற்றிய பேண்ட்டின் பாக்கெட்டில் நான் கைவிட்டுப் பார்த்தே பதினோரு வருடம் ஆகிறது.

வேலை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. ஒரு அடி தப்பினால் போதும், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி ஆரம்பித்துவிடுவார். "ஏன் மாப்ளே, இது மட்டையா வெளக்குமாறா? கூட்டிப் பெருக்கவா வந்திருக்க?" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை.

கஷ்டம் வேறு. அந்த வீடியோவில் இல்லாத ஒன்று மச்சானுக்குத் தெரியும்.

அதே நாள், அதற்கு இரண்டு குழி முன்னால், என் பந்து புதருக்குள் போய்விட்டது. தேடுவதற்கு விதி மூன்று நிமிடம் தருகிறது. அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாக அர்த்தம். அபராதத்தோடு பழைய இடத்துக்கே போய்த் திரும்ப அடிக்க வேண்டும். அந்த வருடம் என் ஆட்டம் படுமோசம். அந்தப் பந்தயத்தில் முன்வரிசையில் வராவிட்டால் அடுத்த வருடப் பந்தயங்களில் எனக்கு இடமே கிடையாது. இரண்டு நிமிடம் ஐம்பது வினாடியில் பந்து கிடைத்துவிட்டது. என் பந்துகளில் அடையாளத்துக்கு இரண்டு பச்சைப் புள்ளி வைப்பேன். புல்லில் கிடந்ததிலும் இருந்தது. என் பாக்கெட்டிலிருந்து நழுவியதுதானே, இருக்காமல் என்ன?

அன்று சாயங்காலம் ஓட்டல் அறையில் மச்சான் மேஜைமேல் ஒரு பந்தை உருட்டிவிட்டார்.

"புதருக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சு மாப்ளே. ரெண்டு பச்சைப் புள்ளி. நீ ஒண்ணை அடிச்சுட்டுப் போன. அப்ப இது யாரு பெத்த புள்ள?"

 அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்படியானால் கடைசிக் குழியில் ஏன் கையைத் தூக்கினாய் என்று கேட்பீர்கள். அங்கே ஒரு கேமராக்காரர் தரையோடு தரையாகப் படுத்திருந்தார். அது ஒன்று. இன்னொன்று, ஜெயித்தவன் அடித்த ஒவ்வொரு அடியையும் டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். தானாகத் தப்பை ஒப்புக்கொண்டவனின் ஆட்டத்தை யாரும் நோண்டுவதில்லை. இரண்டாம் இடமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆறு வருடத்தில் மச்சான் அந்தப் பந்துக்குப் பதிலாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் பந்தை எடுத்து மேலே போட்டுப் பிடிப்பார். "நேர்மை சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அவ்வளவுதான். ஆறு வருடம், மேடம். வாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாலும் எவ்வளவு ஆகிறது பாருங்கள்.

போன திங்கட்கிழமை சாப்பிடும்போது சொன்னார்: "இந்த வாரத்தோட முடிச்சுக்கறேன் மாப்ளே. முட்டி ரெண்டும் போச்சு. அந்தப் பந்தையும் சேர வேண்டிய எடத்துல சேத்துடறேன். இனிமே என்கிட்ட வேணாம்."

"எந்த இடத்துல?"

"ஞாயித்துக்கெழமை தெரியும். அவசரப்படாத."

ஞாயிற்றுக்கிழமை மேடை. முன்வரிசையில் என் மனைவி. எதிரே மைக் நீட்டும் பத்திரிகைக்காரர்கள். நான் அவசரப்படவில்லை. நிதானமாகத்தான் யோசித்தேன்.

மச்சானுக்குக் குளவி கொட்டினால் ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு மைதானத்தில் ஒன்று கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பக்கத்தில் டாக்டர் இருந்ததால் பிழைத்தார். அதிலிருந்து பேனா மாதிரி ஒரு ஊசியைப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்திருப்பார். மஞ்சள் மூடி போட்டது. தொடையில் குத்தினால் போதும். தினமும் காலையில் பையைச் சரிபார்க்கும்போது, "பதினாலு மட்டை, ஒரு ஊசி" என்று தட்டிப் பார்த்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமையும் தட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீர் பிடிக்கப் போனார். அப்போது எடுத்தேன். பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அன்று பயிற்சி நாள். காலையில் முதல் ஆளாக நாங்கள் இருவர் மட்டும். பன்னிரண்டாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு பட்ட மரம், அதில் பூசணிக்காய் அளவுக்குக் குளவிக் கூடு. மைதானத்து ஆட்கள் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்கள். மச்சான் பையை என்னிடம் விட்டுவிட்டு, நோட்டும் கையுமாக மணல் பள்ளத்தை அளக்கப் போனார். கயிற்றுக்கு இருபது அடி தள்ளித்தான் நின்றார். ஜாக்கிரதையான மனிதர்.

நூற்று நாற்பது மீட்டர். இடப்பக்கமிருந்து லேசான காற்று. எட்டாம் நம்பர் மட்டை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு பந்தை நான் அடித்ததில்லை. கூடு நடுவில் பிளந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

"டேய் மாப்ளே, எங்கடா அடிக்கற!" என்று கத்தினார். அதுதான் அவர் முழுசாகச் சொன்ன கடைசி வார்த்தை.

என்னை நோக்கி ஓடிவந்தார். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். நான் பையோடு நடந்துபோனேன். அவர் வாயைத் திறந்து பையைக் காட்டினார். நான் மணியைப் பார்த்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

ஏன் மூன்று நிமிடம் என்று கேட்டீர்கள். அதுதானே விதி.

ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்தேன். குடை, கையுறை, மழைச்சட்டை, துண்டு. எதையும் அவசரமாக வீசவில்லை. பழக்கதோஷமோ என்னவோ, அவர் கை என் பின்பாக்கெட்டுப் பக்கம் வந்தது. துணியைப் பிடித்தது. நான் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

இரண்டாவது நிமிடம் முடிகிற நேரத்தில் அடி ஜிப்பில் ஒரு சின்னப் பெட்டி கிடைத்தது. உள்ளே அந்தப் பந்து. கூடவே மடித்த சீட்டு, அவர் கையெழுத்து: 'மாப்ளே, இதை நீயே குளத்துல போட்டுடு. தங்கச்சிக்குக் கடைசி வரைக்கும் தெரிய வேணாம். நல்லா இரு.' ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொடுப்பதற்காக வைத்திருக்கிறார்.

இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. அவர் கண் திறந்துதான் இருந்தது. ஊசியை எடுத்திருக்கலாம். ஆனால் அதை எங்கிருந்து எடுத்தாய் என்று அவர் கேட்பார். கேட்காமல் விடுகிற ஆளில்லை. சீட்டை மடித்து வைத்துவிட்டு, மிச்ச நேரமும் தேடினேன். சீட்டைப் படித்த வினாடிகளைக்கூட நான் கழித்துக்கொள்ளவில்லை.

மூன்று நிமிடம் முடிந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

என் மனைவி போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணன் ஊசி எப்பவும் பையிலதானே இருக்கும்?" நான், "தேடினேம்மா, மூணு நிமிஷம் தேடினேன்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

செவ்வாய் சாயங்காலம் பேண்ட்டைக் கழற்றிச் சலவைக்குப் போட்டேன். பாக்கெட்டைத் துழாவிப் பார்க்க அறையில் ஆளில்லை. பின்பாக்கெட்டிலிருந்த ஊசியைச் சலவைப் பெண் மருந்தாயிற்றே என்று வரவேற்பில் கொடுத்திருக்கிறாள். மைதானத்தில் நடந்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவர்கள் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். யார்மேலும் எனக்குக் கோபமில்லை. வியாழனும் வெள்ளியும் கையில் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டுதான் ஆடினேன். ஐந்தாம் இடத்தில் இருந்தேன்.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துக்கொள்கிறேன். தப்பான கணக்கு அட்டையில் கையெழுத்துப் போட்டால் எங்கள் ஆட்டத்தில் வெளியேற்றிவிடுவார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். 'தடயத்தைக் காட்டியபின் ஒப்புக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, 'தானாக முன்வந்து சொன்னார்' என்று போடுங்கள். அங்கே யாருமே பார்க்கவில்லை, மேடம். நானாகத்தான் கையைத் தூக்கினேன்.