ஒரு விரற்கடை

கட்டைவிரலை யாராலும் அசையாமல் ஒரே இடத்தில் வைத்திருக்க முடியாது, சார். உங்கள் போனில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், கொஞ்சம் வழுக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பெரிதுபடுத்தாமல் விடுவதுதான் என் வேலையில் பாதி.

என் அண்ணனுக்குக் கைநடுக்கம். இதயமும் பலவீனம். தனியாகத்தான் இருந்தான். நடுங்கும் கையால் எண்களைத் தட்டி யாரையும் கூப்பிட முடியாது என்பதால் அவனுக்காக அந்தச் செயலியை எழுதினேன். சிவப்பு வட்டத்தை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் வேண்டியவர் போனில் அபாய மணி அடிக்கும். விரல் ஒரு விரற்கடை அப்படி இப்படிப் போனாலும் பிடித்ததாகவே கணக்கு. முதல்முறை மணி அடித்தபோது, "டேய், என் கைக்கும் மரியாதை குடுத்துட்டியேடா" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அதை ஒரு பெரிய கம்பெனிக்குக் காட்டப் போனோம். பேசுவதில் அண்ணன் கெட்டிக்காரன். "யோசனை, உழைப்பு எல்லாம் நான்தாங்க. தம்பி சும்மா கூடமாட இருந்தான்" என்றான். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் கேட்டேன்.

"குடும்பத்துக்குள்ள என்னடா உனக்கு எனக்குன்னு?" என்று தோளைத் தட்டினான்.

முதுகில் குத்தியவன் தோளைத் தட்டக் கூடாது, சார். கூடப் பிறந்தவனே இப்படிச் செய்தால் வேறு யாரை நம்புவது? அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் சண்டை, கடைசியில் பேச்சே நின்றுபோனது.

அடுத்த புதுப்பிப்பில் அந்த விரற்கடையை எடுத்துவிட்டேன். விரல் இம்மி நகர்ந்தாலும் கையை எடுத்துவிட்டதாகக் கணக்கு. அவன் போனுக்கு மட்டும்தான். செயலியைப் பயன்படுத்தும் மற்றவர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? அனுப்புவதற்கு முன் என் கையை நடுங்கவைத்துச் சோதித்தும் பார்த்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தேன். அவன் அழுத்துவதெல்லாம் என் திரையில் தெரியும். அழுத்தினான், ரத்து. மறுபடி அழுத்தினான், ரத்து. சும்மா விளையாடுகிறான் என்று நினைத்ததாகச் சொன்னால் அது பொய். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவன் அழுத்தவில்லை. எழுந்து போய்க் கை கழுவினேன்.

அவன் வீடு அடுத்த தெருதான். அபாய மணிக்கு அவன் கொடுத்திருந்த ஒரே எண் என்னுடையது. அத்தனை சண்டைக்குப் பிறகும் அதை மாற்றவில்லை. அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. வீம்பை விட்டுவிட்டு என்னைச் சாதாரணமாக ஒரு போன் போட்டுக் கூப்பிட்டிருந்தால், ஓடிப்போயிருக்க மாட்டேனா, சார்?