தேய்ந்த செருப்பின் பாஸ்போர்ட்

— இந்த போட்டோ செல்லாதுங்க ஐயா. பல்லு தெரியுது.

— செல்லாதா? ரொம்ப நல்லதாப் போச்சு மேடம். அப்ப என் விண்ணப்பத்தை நிராகரிச்சுடுங்க.

— பல்லுக்காக யாரும் நிராகரிக்க மாட்டாங்க. படிக்குக் கீழ போட்டோக் கடை இருக்கு. வாயை மூடிட்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க, ஒட்டிக்கலாம். தலை போற விஷயம் இல்ல. அடுத்தது, கையெழுத்து. மேல ஒரு மாதிரி இருக்கு, கீழ ஒரு மாதிரி இருக்கு.

— ஆமாங்க. ரெண்டும் ஒரே ஆள் போட்டதான்னு சந்தேகமா இருக்கில்ல? எனக்கே இருக்கு.

— இங்க இன்னொரு தடவை போடுங்க. நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன்.

— மேடம், பாஸ்போர்ட் ஆபீஸ்ல இவ்வளவு இரக்கம் காட்டுவாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலை. பிறந்த தேதியைப் பாருங்க. மாசம் முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கேன்.

— தேதியையும் மாசத்தையும் இடம் மாத்திட்டீங்க. திருத்தி வெச்சிருக்கேன், பக்கத்துல ஒரு சுருக்கொப்பம் போட்டாப் போதும். தலை போற விஷயம் இல்ல.

— திருத்திட்டீங்களா.

— இந்தக் கவுண்ட்டருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகுதுங்க. பாஸ்போர்ட் கேட்டு அழுதவங்களைப் பார்த்திருக்கேன். மேசையைத் தட்டிச் சண்டை போட்டவங்களைப் பார்த்திருக்கேன். குடுத்துடாதீங்கன்னு கெஞ்சறதுக்காக டோக்கன் எடுத்து ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.

— நிராகரிச்சாச்சுன்னு ஒரு சீல் வேணும் மேடம். சின்ன சீலா இருந்தாலும் பரவாயில்ல. ஒருத்தர்கிட்ட காட்டணும்.

— தொழில் முடி திருத்துபவர்னு போட்டிருக்கீங்க.

— துறைமுகத்துக்கு நேர் எதிர்ல நம்ம கடை. முப்பத்திரண்டு வருஷம். தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கறேன், உங்களுக்கு முடி யார் வெட்டி விட்டது? இடது பக்கம் ஒரு விரல்கடை ஏறி நிக்குது.

— என் வீட்டுக்காரர்.

— அவருக்கு வேற வேலை ஏதாவது இருக்கில்ல?

— இருக்கு.

— அதை விட்டுடாம இருக்கச் சொல்லுங்க.

— பேச்சை மாத்தாதீங்க ஐயா. ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கு. உங்களுக்கு வேறு பெயர் ஏதும் உண்டான்னு கேட்டிருக்காங்க.

— கிடையாதுங்க.

— யோசிச்சுச் சொல்லுங்க.

— சின்ன வயசுல குண்டான்னு கூப்பிடுவாங்க. அதையுமா எழுதணும்?

— அது வேணாம். புனைபெயர் இருந்தா எழுதணும். என்ன, வாய் மூடிக்கிச்சு? இப்ப போட்டோ எடுத்திருந்தா சரியா வந்திருக்கும். பயணக் காரணத்துக்கு ஒரு கடிதம் இணைச்சிருக்கீங்களே, நானே படிக்கட்டுமா? "எங்கள் பதிப்பகத்தின் பெருமைக்குரிய பயண எழுத்தாளர் 'தேய்ந்த செருப்பு' அவர்கள், தமது முதல் நூலில் எழுதிய தீவுக்கு அடுத்த மாதம் பதினெட்டு வாசகர்களை அழைத்துச் செல்ல இருப்பதால், அவரது பாஸ்போர்ட்டை விரைந்து புதுப்பித்துத் தருமாறு..."

— மெதுவா மேடம். பின்னாடி நிறைய பேர் உட்கார்ந்திருக்காங்க.

— எதைங்க புதுப்பிக்கறது? நீங்க கேட்டிருக்கிறது முதல் பாஸ்போர்ட்.

— அது பதிப்பாளருக்குத் தெரியாது.

— ஆறு புத்தகம். இருபத்தேழு ஊர்.

— இருபத்தெட்டு. கடைசிப் புத்தகத்துல பின்னிணைப்புல ஒண்ணு வரும்.

— அதுல ஒண்ணுக்குக்கூட நீங்க போனதில்ல.

— ஒரு தடவை தூக்கத்துல இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டு, ரயில்ல அடுத்த ஊர் வரைக்கும் போனேன். எதிர் ரயிலைப் பிடிச்சுத் திரும்பிட்டேன். என் பயணம் அவ்வளவுதான். கத்தி மேல சத்தியமா.

— அப்புறம் செருப்பு எப்படித் தேஞ்சுது?

— அது நிஜமாவே தேஞ்சுது மேடம். ஒரே நாற்காலியைச் சுத்திச் சுத்தி வந்து, வருஷத்துக்கு ரெண்டு ஜோடி. பேர்ல மட்டும் நான் பொய் சொல்லலை.

— மத்ததுல சொன்னீங்க.

— தெரிஞ்சு சொல்லலை. கப்பல்ல இருந்து இறங்கினதும் நேரா என் கடைக்குத்தான் வருவாங்க. ஆறு மாசத்து முடி, ஆறு மாசத்துப் பேச்சு. ஒருத்தன் கண்ணை மூடிட்டு, கழுத்தை நம்ம கத்திக்குக் கீழ குடுத்துட்டுப் பேசறான்னா உண்மையைத்தான் பேசுவான்னு நம்பினேன். கத்தி இருந்தாலும் அளப்பானுங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?

— கேட்டதை எழுதி வெச்சீங்க.

— எழுதாம என்ன பண்றது? அவன் துண்டை உதறிட்டு எழுந்து கப்பலுக்குப் போயிடுவான். நான் துடைப்பத்தை எடுப்பேன். கீழ கிடக்கிற முடி எந்தெந்த நாட்டு வெயில்ல வளர்ந்ததோன்னு பார்த்துட்டே கூட்டுவேன். வயித்தெரிச்சலா இருக்கும் மேடம். ஆசையில்லாதவனா நான்? கடையை விட்டா வேற ஆள் இல்ல, அம்மா படுக்கையில இருந்தாங்க, ரெண்டு தங்கச்சி. அதனால கூட்டி முடிச்சதும் ஒரு நோட்டுல எழுதிடுவேன். எழுதற அந்த அரை மணி நேரம் நான் அங்க இருப்பேன்.

— பதிப்பாளர்?

— அவரும் முடி வெட்டிக்கத்தான் வந்தார். வரிசையில உட்கார்ந்தவர் பத்திரிகைன்னு நெனைச்சு என் நோட்டை எடுத்துப் படிச்சுட்டார். அவர் முறை வந்தும் எழுந்திருக்கலை. நான் 'ஒரு மாலுமி போனான்'னு எழுதியிருந்ததை எல்லாம் 'நான் போனேன்'னு மாத்தி அச்சுக்குக் குடுத்துட்டார். தடுத்திருக்கணும். ஆனா படிச்சுப் பார்த்தப்ப எனக்கு நல்லாத்தான் இருந்தது.

— இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்ன பயம்?

— போன மாசம் ஒருத்தன் வந்து உட்கார்ந்தான். எந்த ஊருப்பான்னு கேட்டேன். முதல் புத்தகத்துத் தீவோட பேரைச் சொன்னான். எனக்கு ஒரே சந்தோஷம். புத்தகத்துல நான் எழுதின லைட்ஹவுஸ் எப்படி இருக்குன்னு விசாரிச்சேன். எந்த லைட்ஹவுஸ்னு கேக்கறான். ஊருக்குப் போயே மூணு வருஷம் ஆச்சு, ஆனா பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கதான், எங்க தீவுல லைட்ஹவுஸே கிடையாது அண்ணேங்கறான். அன்னிக்கு அவன் கிருதா ஒண்ணு மேல, ஒண்ணு கீழ ஆயிடுச்சு.

— அந்த லைட்ஹவுஸைப் பார்க்கத்தான் பதினெட்டுப் பேர் வர்றாங்க.

— அதுவும் என்னை நம்பி. அவங்களைக் கரையில நிக்க வெச்சுட்டு நான் எதைக் காட்டுவேன், என் நெத்தியையா? அதுல ஒரு டீச்சரம்மா ஓய்வு வாங்கிட்டு முதல் பயணமா வராங்களாம். எனக்குத் தூக்கம் போச்சு மேடம். அரசாங்கமே வேணாம்னு சொல்லிட்டா யாருக்கும் வருத்தம் இருக்காது. அடிங்க ஒரு சீல்.

— லைட்ஹவுஸ் பத்தி உங்களுக்குச் சொன்னது யாருங்க?

— அவன் முகம் ஞாபகமில்ல. எங்க தொழில்ல முகத்தைக் கண்ணாடியிலதான் பார்ப்போம், தலையைத்தான் நேர்ல பார்ப்போம். தலையை மறக்க மாட்டேன். பின்மண்டையில ரெட்டைச் சுழி. ரெண்டு கல்யாணமாடான்னு கிண்டல் பண்ணினேன், ஒண்ணுக்கே வழியில்லன்னான். எப்படி வெட்டினாலும் நடுவுல ஒரு கொத்து நட்டுக்கிட்டு நிக்கும். மூணு தடவை வந்தான், மூணு தடவையும் அந்தக் கொத்து என்னைத் தோக்கடிச்சுது. அவன்தான் சொன்னான், வெள்ளையும் சிவப்புமா லைட்ஹவுஸ், அடியில டீக்கடை, படியில ஒத்தைக் காது பூனை...

— "மேலே விளக்கு எரிந்ததும் பூனை எழுந்து, கடையைச் சாத்தச் சொல்வதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போகும்." நாற்பத்தொண்ணாம் பக்கம்.

— மேடம்.

— என்கிட்ட இருக்கிறது முதல் பதிப்பு. நீல அட்டை.

— நீங்க படிச்சிருக்கீங்களா?

— படிச்சதோட விட்டிருந்தாப் பரவாயில்லையே. அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. இதே நாற்காலியில உட்கார்ந்து ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் குடுத்துட்டு இருந்தேன், என்கிட்ட ஒண்ணு கிடையாது. வேணும்னு தோணினதும் இல்ல. மதியச் சாப்பாட்டு நேரத்துல உங்க புத்தகத்தைப் படிச்சேன். முடிச்ச அன்னிக்கே டோக்கன் எடுத்து, என் கவுண்ட்டரைப் பூட்டிட்டு, பக்கத்துக் கவுண்ட்டர்ல போய் நின்னேன்.

— போயிட்டீங்களா? அந்தத் தீவுக்கா?

— தனியா. எங்க அப்பா பத்து நாள் என்கூடப் பேசலை.

— மன்னிச்சுடும்மா. அங்க லைட்ஹவுஸ்...

— இல்ல.

— ஐயோ.

— முதல் நாள் நாலு பேர்கிட்ட வழி கேட்டேன். நாலு பேரும் சிரிச்சாங்க. புத்தகத்தைக் கடல்ல வீசிடலாம்னு படகுத்துறைக்குப் போனேன். அங்க ஒரு ஆள் மீன்காரம்மாகிட்ட சண்டை போட்டுட்டு நிக்கறார். கையில ஒரு புத்தகம். நீல அட்டை.

— இன்னொரு ஆளா?

— ஆமா. நாற்பத்தொண்ணாம் பக்கத்தை அந்த அம்மா மூக்குக்கு நேரா நீட்டி, அச்சுல போட்டிருக்கே, எப்படி இல்லாமப் போகும்னு கேட்டுட்டு இருந்தார். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நாலு நாள் தேடினோம். ஒரு சந்து விடலை. யார் யாரோ வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க, படகுல கூட்டிட்டுப் போனாங்க. மூணாவது நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு, லைட்ஹவுஸ் கிடையாதுன்னு. சொன்னா தேடறது நின்னுடுமேன்னு சொல்லலை. அவருக்கு ரெண்டாவது நாளே தெரியுமாம்.

— அவரும் சொல்லலையா?

— கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னார்.

— அப்ப உங்க இடது பக்கத்து முடியை...

— அவர்தான் வெட்டினார். அது உங்க பாவம்தான், நீங்களே சுமங்க.

— என்னை நீங்க திட்டவே இல்லையேம்மா.

— நிறையத் திட்டினேன், உங்க காதுல விழலை. நேர்ல பார்த்தா நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு வெச்சிருந்தேன். ஆனா இன்னிக்கு அந்தக் கடிதத்துல பேரைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கலை. தப்பெல்லாம் தானாத் திருத்த ஆரம்பிச்சுடுச்சு. அந்தப் புத்தகத்தைப் படிக்காம இருந்திருந்தா நான் இன்னிக்கும் மத்தவங்க போறதை மட்டும் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். உங்க நாற்காலியும் என் நாற்காலியும் ஒண்ணுதாங்க ஐயா.

— நீங்க பெரிய மனசு. அந்தப் பதினெட்டுப் பேருக்கும் அப்படி இருக்கணுமே. எல்லாருக்கும் அங்க கல்யாணம் பண்ணி வைக்க முடியுமா?

— போன லீவுல மறுபடி போனோம், பொண்ணையும் கூட்டிக்கிட்டு. படகு கரைக்குப் பக்கத்துல வரும்போதே அவ கையை நீட்டிட்டா. அம்மா, லைட்ஹவுஸ் அங்க இருக்குங்கறா.

— விளையாடாதீங்க மேடம். எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு.

— ரெண்டு ஆள் உயரம் இருக்கும். சிமெண்ட்டு. வெள்ளையும் சிவப்பும் அடிச்சிருக்கு. உச்சியில ஒரு குண்டு பல்பு. அடியில டீக்கடை. படியில பூனை.

— ஒத்தைக் காதா?

— ரெண்டு காதும் இருக்கு. ஆனா கேக்கறவங்ககிட்ட எல்லாம் இதுக்கு ஒரு காது கேக்காதுன்னு கடைக்காரர் சமாளிக்கறார்.

— யார் பார்த்த வேலை இது? என் பொய்க்கு யாரு சிமெண்ட்டு பூசினது?

— அந்தக் கடைக்காரரேதான். ரெண்டு வருஷம் ஆச்சாம். நீலப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து வழி கேக்கறவங்க தொல்லை தாங்கலையாம். ஒவ்வொருத்தருக்கா இல்லை இல்லைன்னு சொல்லிட்டு இருக்கிறதை விட, கட்டிடறது சுலபம்னு சொன்னார். சாயங்காலம் பல்பு எரிஞ்சதும் பூனை எழுந்து உள்ள போச்சுங்க. என் கண்ணால பார்த்தேன்.

— திரும்பிப் பார்த்துச்சா?

— பார்த்துச்சு.

— கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.

— குடிங்க, மெதுவா. இப்ப சொல்லுங்க. சீல் அடிக்கட்டுமா?

— பேனாவைக் குடுங்க. எத்தனாவது கட்டம்னு சொன்னீங்க?

— ஒன்பது. முழுசா எழுதுங்க, சுருக்கக் கூடாது.

— தேய்ந்த... செருப்பு. இந்தாங்க. கையெழுத்தும் ஒரே மாதிரி போட்டுட்டேன், பாருங்க. கீழ போய் வாயை மூடிட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன். வாய் மூடுமான்னுதான் தெரியலை. மேடம், சிரிக்காதீங்க, ஒரு சந்தேகம். என் ஆயுசுல நான் பெட்டி கட்டினதே இல்ல. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

— துணிமணி கொஞ்சமாப் போதும். சீப்பையும் கத்திரிக்கோலையும் மறக்காம எடுத்துக்கங்க, பெரிய பெட்டியில வைங்க, கைப்பையில விட மாட்டாங்க. அந்தக் கடைக்காரருக்கு முடி தோளைத் தாண்டித் தொங்குது. கப்பல்ல வேலை பார்த்தப்ப துறைமுகத்துல ஒரு பார்பர்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டாராம், அவர் வந்து மன்னிக்கிற வரைக்கும் வேற யாருக்கும் தலையைக் குடுக்க மாட்டாராம். டீ ஆத்தத் திரும்பினப்ப பார்த்தேன் ஐயா, அவ்வளவு முடியிலயும் பின்மண்டையில ஒரு கொத்து மட்டும் நட்டுக்கிட்டு நிக்குது.