'ஏன்' மேடத்தின் மனநிலை சரியாகத்தான் இருந்தது

மேடையின் நடுவே வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, என்னோடு பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் கண் வீங்கி உட்கார்ந்திருக்கும், மறைந்த எங்கள் அக்காவின் தம்பியே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நெருக்கி நிற்கும் மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மேடை ஏறும்போது முதல்வர் என் காதோரம் சொன்னார்: "ரெண்டு நிமிஷம் போதும்மா. நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு எறங்கிடுங்க."

நல்லதாகவே சொல்கிறேன் ஐயா. நல்லவரைப் பற்றித்தானே பேச வந்திருக்கிறேன்! அது முடிந்ததும் மற்றவரைப் பற்றியும் பேசுவேன்.

பேராசிரியர், முனைவர், தத்துவத் துறைத் தலைவர். இது அக்காவின் பெயர்ப்பலகையில் இருந்தது. மாணவர்களே, நீங்கள் வைத்த பெயர் 'ஏன் மேடம்'. "கடவுள் இருக்கார் மேடம்" என்றால் "ஏன்?" என்பார். "இல்ல மேடம்" என்றாலும் "ஏன்?" என்பார். ஒருநாள் ஒருவன் எழுந்து, "மேடம், பாத்ரூம் போகணும்" என்றான். வாய் தவறி அதற்கும் "ஏன்?" என்று கேட்டுவிட்டு, வகுப்பே சிரித்தபோது மேசையில் தலை கவிழ்ந்து தானும் சிரித்தவர் எங்கள் அக்கா!

உளவியலும் மதமும் தத்துவமும் இந்தக் கல்லூரியில் ஒரே படிப்பாக இணைந்தது யாரால்? நான் உளவியல் ஆசிரியை. என் அறைக்கு வந்து சண்டையே போட்டார். "மனுஷன் ஏன் அழறான்னு நீ சொல்லிக் குடு. அழும்போது யாரைக் கூப்பிடறான்னு மதப் பாடம் சொல்லட்டும். கூப்பிட்ட இடத்துல யாராவது இருக்காங்களான்னு நான் கேக்கறேன். மூணையும் தனித்தனி ரூம்ல பூட்டி வச்சா பசங்க மனுஷனை எங்கம்மா போய்ப் படிப்பாங்க?" அந்தச் சண்டையில் நான் தோற்றேன். தோற்றதில் எனக்கு இன்றுவரை சந்தோஷம்.

கடைசி வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறாரே தையல்கடைக்காரர், அவரைக் கேளுங்கள். அவருடைய மகள் இந்தப் படிப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் பிரார்த்தனையை நிறுத்திவிட்டாள். இவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு துறைக்குள் புகுந்து கத்தினார்: "எம் பொண்ணோட நம்பிக்கைய என்ன பண்ணீங்க? திருப்பிக் குடுங்க!"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. உங்களுக்கு அந்த நம்பிக்கை எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க மொதல்ல."

பிரசவத்தில் தாயும் பிள்ளையும் பிழைக்க மாட்டார்கள் என்று டாக்டர் கைவிரித்ததையும், தான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் விழுந்து கும்பிட்டதையும் அவர் சொல்லச் சொல்ல, அக்கா அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். தான் பிறந்த கதையை அவள் அன்றுதான் முழுசாகக் கேட்டாள். பிறகு அவள் பிரார்த்தனை செய்தாளா? எனக்குத் தெரியாது. அக்காவும் கேட்கவில்லை. அப்பாவும் மகளும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனதை மட்டும் பார்த்தேன். பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்கிறவர் என்று நிர்வாகக் கூட்டத்தில் சொன்னீர்களே, இதுவா கெடுப்பது?

இனி மற்றவரைப் பற்றி.

இந்தப் படிப்பை இழுத்து மூட வேண்டும் என்று முதல்வர் நிர்வாகக் கூட்டத்தில் முடிவெடுத்தார். அக்கா எழுந்து தன் வழக்கமான 'ஏன்?' என்ற கேள்வியைக் கேட்டார். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். அதற்கடுத்த வாரம் பதிலுக்கு ஓர் அறிக்கை வந்தது. 'தனியாகப் பேசுகிறார். தனக்கு எதிராகச் சதி நடப்பதாக நம்புகிறார். மனநிலை சரியில்லை.' கீழே கையெழுத்து, உளவியல் நிபுணரான நம் முதல்வர்!

தனியாகப் பேசினாராம்! பாடம் தயாரிக்கும்போது தாழ்வாரத்தில் நடந்தபடி, நம்புகிறவர் குரலிலும் மறுக்கிறவர் குரலிலும் மாறி மாறி வாதாடுவார் அக்கா. கூட்டிப் பெருக்க வரும் அம்மா துடைப்பத்தோடு நின்று, "இன்னிக்கு யாரு ஜெயிச்சாங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த அம்மாவுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லையா? சதி நடப்பதாக நம்பினாராம்! நடந்ததைத்தானே ஐயா நம்பினார்?

ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பேசினீர்களா? ஒரு கேள்வி கேட்டீர்களா? இல்லை. எழுதினீர்கள். கட்டாய விடுப்பில் அனுப்பினீர்கள்.

தம்பி, உங்களைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். படித்தவர் கையெழுத்துப் போட்டுச் சொன்னால் வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "வேலை போனா போகுதுடி. என் தம்பி சமையல்கட்டுல இருந்த கத்தியெல்லாம் எடுத்துப் பூட்டி வச்சிருக்கான். வெங்காயம் நறுக்கணும்னா அவனே கொண்டுவந்து குடுத்துட்டு, நறுக்கி முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே நிக்கிறான். ஏன்டான்னு கேக்கக்கூட எனக்குப் பயமா இருக்கு."

வெளியிலிருந்து வந்த மருத்துவர்கள் சோதித்துவிட்டு, எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நான் நீட்டியபோது முதல்வர் என்ன சொன்னார் தெரியுமா? "நோயாளிங்க எல்லாரும் இப்படித்தாம்மா ஏதாவது ஒரு பேப்பரைத் தூக்கிட்டு வருவாங்க."

கல்லூரி வாசலில் காவலாளி அக்காவை உள்ளே விடவில்லை. அதனால் எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் தினமும் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் அங்கே போய்ச் சந்தேகம் கேட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை ஒரு மாணவனிடம், "இன்னும் தெளிவாச் சொல்லு கண்ணா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பலகையில் சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். அந்த மாரை அடைத்தது யார்?

நான் உளவியல் படித்தவள். மன்னித்தால் மனப்பாரம் குறையும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். எல்லா மதங்களும் மன்னிக்கச் சொல்கின்றன. தத்துவம் நிதானமாக யோசிக்கச் சொல்கிறது. யோசித்தேன். நிதானமாகவே யோசித்தேன். மன்னிக்க மாட்டேன்!

அலுவலக அண்ணே, அந்த ஒயரில் கை வைக்காதீர்கள். மைக்கை அணைத்தால் எனக்குத் தொண்டை இருக்கிறது.

முதல்வர் அவர்களே, உங்களுக்குத் தொழில் உரிமம் கொடுத்த மன்றத்தில் அக்காவின் தம்பி புகார் கொடுத்திருக்கிறார். விசாரணைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முதல் சாட்சி நான். நேரில் பார்க்காமலே நோய் எழுதினீர்களா என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உங்களைக் கேட்பார்கள். நீங்கள் செய்ததை நாங்கள் உங்களுக்குச் செய்ய மாட்டோம். உங்களுக்கு மனநிலை சரியில்லை என்று ஒருபோதும் சொல்ல மாட்டோம். தெளிவான புத்தியோடுதான் செய்தீர்கள் என்று நிரூபிப்போம். அந்த உரிமம் உங்கள் சுவரிலிருந்து இறங்கும்வரை நான் ஓய மாட்டேன்.

மாணவர்களே, படிப்பை மூட விட மாட்டோம். நாளை காலை வகுப்பு உண்டு. அறையைப் பூட்டினால் தாழ்வாரத்தில் நடக்கும். உளவியல் நான் எடுக்கிறேன். மதப் பாடத்துக்கும் தத்துவத்துக்கும் அக்காவிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் இருவர் வருகிறார்கள். நாளைய பாடம், குற்றவுணர்வு. அது சிலருக்கு ஏன் வருவதே இல்லை என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

முதல்வர் எழுந்துவிட்டார். போகட்டும். வழி விடுங்கள். யாரும் கூச்சல் போட வேண்டாம். அவர் போகும்போது எழுந்து நிற்பது நம் பழக்கம். இன்று வேண்டாம். உட்கார்ந்தே இருங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாரா?

சரி. இப்போது எல்லோரும் எழுந்திருங்கள். அக்காவுக்காக.