நின்று கொன்றவன்

சோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "வலிக்குமா" என்றுதான். என்ன முடிவு வருமோ என்கிற பயத்தை ஊசியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவேன். அத்தான் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. கொஞ்ச நாளாக அசதியாக இருக்கிறது, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அக்காவுக்குக்கூடத் தெரியாமல்தான் என் லேபுக்கு வந்திருந்தார்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை ஐயா, நானாக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் கட்டடக் கான்ட்ராக்டர். சிமென்டில் பாதி மண் என்று அவரிடம் வேலை பார்த்தவர்களே சொல்வார்கள். அவர் எழுப்பிய சுவர் சரிந்து ஒரு கூலியாள் செத்தபோது ஜெயிலுக்குப் போனது மேஸ்திரி. என் அப்பா நினைவில்லாமல் படுக்கையில் கிடந்தபோது, அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டவரும் அத்தான்தான். அக்காவின் கன்னத்தில் அவ்வப்போது தடம் இருக்கும். கதவு இடித்துவிட்டது என்பாள். அந்த வீட்டுக் கதவுகளுக்கு ஐந்து விரல் போலிருக்கிறது.

இத்தனைக்கும் அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. மாடிக்கு மேல் மாடி எழும்பியது. ஒரு தலைவலி என்று அவர் படுத்து நான் பார்த்ததில்லை. நான் பிரார்த்தனைக்குப் போகாத நாள் கிடையாது. பொய் சொன்னதில்லை, அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. என் ஒரே மகள் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளை எடுத்துப் போன அன்று மாலையும் நான் பிரார்த்தனைக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் பக்தியைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

தெய்வம் நின்று கொல்லும் என்று அம்மா சொல்வாள். அது நின்றுகொண்டே இருந்தது. எனக்குத்தான் கால் கடுத்தது.

அன்று அவர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பஸ் வராத நிறுத்தத்தில் கூட்டம் போல வெள்ளணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. பார்த்ததும் புரிந்துவிட்டது, ரத்தப் புற்று. அதில் இது சாதுவான வகை. காலத்தோடு பிடித்தால் தினம் ஒரு மாத்திரையில் அடங்கிக் கிடக்கும், ஆள் நரைத்து மூப்படையும் வரை இருக்கலாம்.

வெளியே எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு தகட்டைக் குழாயில் காட்டிக் கழுவிவிட்டு வெளியே போனேன்.

"ஒண்ணுமில்ல அத்தான். சுத்தமா இருக்கு. அலைச்சல்தான்."

நோயை நான் கொடுக்கவில்லை. கடவுள் ஒருவழியாகக் கையை நீட்டியிருந்தார், நான் குறுக்கே போகாமல் விலகிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து போகும்போது மனசு இப்படித்தான் சொன்னது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு காலை நேரத்தில் அத்தான் என் வீட்டுக்கு வந்து, அப்பா வீட்டுச் சாவியை மேசையில் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு கடவுள்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன் மாப்பிள்ளை. இந்த ஒரு தடவை என்னை விட்டுடு, இனி மனுஷனா இருந்துக்கறேன்னு. அவர் விட்டுட்டார். நான் சொன்னதைச் செய்யணும்ல?"

சொன்னதைச் செய்தார். கோர்ட்டில் போய், சுவர் விழுந்தது தன் தப்பு என்று ஒப்புக்கொண்டு மேஸ்திரியை வெளியே கொண்டுவந்தார். வழக்கு அவர் மேல் திரும்பியது. வேலைகள் கைவிட்டுப் போயின. அக்காவின் முகத்தில் தடம் விழவில்லை. பிரார்த்தனைக்கு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுருதியே சேராமல், வெட்கமில்லாமல் பாடினார். வருஷக்கணக்காக நான் நின்ற வரிசையில் அவர் பின்வாசல் வழியாக வந்து முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதும் காலம் இருந்தது. அவர் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். பெரிய டாக்டரிடம் காட்டலாமா என்று அக்கா என்னைத்தான் கேட்டாள்.

"நான் பார்த்துட்டேன்ல அக்கா" என்றேன்.

சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வேளை தவறாமல் போட்டுக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மாட்டிக்கொள்வேன் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று வைத்திருந்தேன். மனுஷன் இப்போது திருந்தியிருக்கிறார். உண்மை தெரிந்தால் கடவுள் தன்னை விட்டுவிடவில்லை என்று தெரிந்துவிடும், பழைய குணம் திரும்பிவிடும். நல்லவராக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தால் அவருக்கும் நல்லது என்று நினைத்தேன். அவருடைய ஆன்மாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நானே நம்பினேன். அவரோடு சேர்ந்து அவருக்காகவே பிரார்த்தனையும் செய்தேன்.

கடைசியில் கடைவீதியில் விழுந்து, யார் யாரோ தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தப் புற்று முற்றிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவு நாளில் ஒரு தடவைகூடவா ரத்தம் சோதிக்கவில்லை என்று டாக்டர் கேட்டார்.

அத்தான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்ல டாக்டர். நான்தான் அசட்டையா இருந்துட்டேன்."

பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அக்கா வரும்வரை விடவில்லை.

அவர் போன பிறகு அக்கா எனக்குத்தான் முதலில் சாப்பாடு போடுகிறாள். அவருக்குக் கடைசி வரைக்கும் துணை நின்றவன் நீதான்டா என்கிறாள். ஒரு வாய்கூட இறங்குவதில்லை. கண்ணை மூடினால் அவர் பார்த்த பார்வைதான் நிற்கிறது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான்தான் அவரைக் கொன்றேன் ஐயா. தெரிந்தே கொன்றேன். காப்பாற்ற நிறைய நாள் கிடைத்தும் கொன்றேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

பிரார்த்தனையை மட்டும் நான் இன்னும் விடவில்லை. அத்தான் எத்தனையோ நல்லது செய்துவிட்டுத்தான் போனார். ஆனால் சாகும் நேரத்தில் டாக்டரிடம் ஒரு பொய் சொல்லிவிட்டாரே. அந்தப் பொய்க்காகக் கடவுள் அவரை மன்னிக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.