கிணறு இல்லாத வீடு

உச்சிப் பகல். வெயில் நேராகத் தலைமேல் நிற்கிற நேரம்... கஞ்சிக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு செம்மண் பாதை உள்ளே போகும். இரண்டு பக்கமும் பனைமரம். ஒரு நாய் கிடையாது, ஒரு காக்கை கிடையாது. அந்தப் பாதையில் இரண்டு ஆண்கள் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று யார் எழுதிவைத்தார்கள்? பகல் பன்னிரண்டும் பன்னிரண்டுதான். கல்யாண வீட்டில் விடிய விடியக் காய் நறுக்க வேண்டும், தூங்காமல் இருக்க ஏதாவது சொல்லு என்று கேட்டது நீங்கள். இனி நான் சொல்கிறபடிதான் கேட்க வேண்டும். அந்தப் பூசணிக்காயை இப்படித் தள்ளுங்கள். சிரிக்கிறவர்கள் அரிவாள்மணையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து சிரியுங்கள்... விரல் போய்விடும்.

இது என் சிநேகிதி பெரியம்மாளின் அண்ணனுக்கு நடந்தது. பேர் சென்னியப்பன். எருத்தேன்பதியில் பூமி வைத்துப் பாடுபட்டவன். எழுபத்து நாலில், மழை பொய்த்த அந்த வருஷம்.

அவர்கள் வீட்டு வாசலிலேயே தண்ணீர் சேந்துகிற கிணறு ஒன்று உண்டு. சித்திரை மாதம், உச்சி நேரம். சென்னியப்பனின் பெண்சாதி சின்னத்தாயி காட்டு வேலை முடித்து வந்து அப்படியே தரையில் சாய்ந்தாள். நாக்கு வறண்டு கிடந்தது. மகளைக் கூப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் சேந்திக்கொண்டு வரச் சொன்னாள். ஒரே மகள், பொன்னாத்தாள்... கிணற்றுச் சுவரை எக்கித்தான் பிடிக்க வேண்டும், அவ்வளவு சின்னப் பிள்ளை. தாய்க்குக் கண் அசந்துவிட்டது. கப்பி கிறீச்சிட்டது காதில் விழுந்தது. பிறகு சட்டென்று நின்றது. அதுவும் காதில் விழுந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அவ்வளவு அசதி. பிள்ளையைப் பிணமாகத்தான் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் உச்சி நேரத்தில் சின்னத்தாயிக்கு அந்தக் கப்பிச் சத்தம் கேட்கும். பிள்ளை தண்ணீர் கொண்டு வருகிறாள் என்று எழுந்து போவாள். கிணற்றுச் சுவரில் ஏறுவாள். இரண்டு தடவை சென்னியப்பன் ஓடிப் போய்ச் சேலையைப் பிடித்து இழுத்துப் போட்டான். பனங்கட்டைகளைப் போட்டு மூடினான். புரட்டித் தள்ளிவிட்டாள்... எலும்பும் தோலுமாக இருந்தவளுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. தூர்த்துவிடலாம் என்றால் பங்காளிகள் விடவில்லை. அந்தப் பஞ்சத்தில் தண்ணீர் இருந்த கிணறு அது ஒன்றுதான். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அடுத்த தடவை கைக்கெட்டும் தூரத்தில் தான் இல்லாமல் போனால்? அந்த நினைப்பிலேயே அவனுக்கும் தூக்கம் போயிற்று. கட்டினவளைக் காவல் காக்க வேண்டி வருவதைப் போலக் கொடுமை எதுவும் இல்லை.

கடைசியில் ஊரை விட்டே போய்விடுவது என்று முடிவு செய்தான். பூமியைப் பங்காளிகளிடம் விட்டுவிட வேண்டியது. கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம், ஏதாவது ஒரு வேலை கிடைக்காமலா போகும்? ஆனால் முதலில் ஒரு தடவை போய் வீடு பார்த்துவிட்டு வரவேண்டும். தங்கை பெரியம்மாளை வரவழைத்து, சின்னத்தாயியைவிட்டு ஒரு நொடிகூட அசையாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். எந்த ஊருக்குப் போகிறான் என்று சின்னத்தாயிக்குச் சொல்லவில்லை. பெரியம்மாளுக்கே சொல்லவில்லை. அந்த வீட்டுக்குள் வைத்து ஊர்ப் பேரைச் சொல்ல அவனுக்குப் பயம். யார் காதில் விழுந்துவிடும் என்று பயந்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிற மொக்கையனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டான். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மொக்கையன் அப்போது வீட்டுத் தரகிலும் கை வைத்திருந்தான். சென்னியப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிணறு இல்லாத வீடு. பக்கத்து வீட்டிலும் கிணறு இருக்கக் கூடாது.

மொக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஏனுங்க, எல்லாரும் கெணறு இருக்கற ஊடாப் பாருங்கிறாங்க. நீங்க என்னங்க இப்பிடிக் கேக்கறீங்க?"

சென்னியப்பன் முன்னால் நடந்தான்.

முதல் நாள் பாலக்காட்டில் அலைந்தார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, அங்கே கிணறு இல்லாத வீட்டைத் தேடுவது லேசான காரியமா? வீட்டுக்காரர்கள் வீட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே கிணற்றடிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். கோடையிலும் வற்றாது, கல்கண்டு மாதிரித் தண்ணீர் என்று ஒரு வாளி மொண்டு கையில் ஊற்றுவார்கள். இவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்துவிடுவான். எத்தனை வீடு! எல்லா வீட்டிலும் அந்தக் கப்பி, அந்தக் கயிறு... ஒரு வீட்டில் கிணற்றுச் சுவரில் சின்னப் பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி ஒரு கல் வேறு போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் தெருவிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறான். மொக்கையனுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் கேலி பேசவில்லை.

மறுநாள் கஞ்சிக்கோடு. நான் முதலில் சொன்னேனே, அந்தப் பாதை.

பாதையின் முடிவில் கம்பெனி ஆட்களுக்காகக் கட்டின லைன் வீடுகள் இருந்தன. புதுச் சுண்ணாம்பு வாசனை. தண்ணீருக்குத் தெருக்குழாய். அடியில் பாறை, எத்தனை ஆள் வைத்துத் தோண்டினாலும் ஊறாது என்று அங்கே யாரும் கிணறு வெட்டவில்லையாம். சென்னியப்பன் சும்மா விடவில்லை. பின்னால் போனான், வேலிக்கு அந்தப் பக்கம் போனான், கண்ணுக்கு எட்டினவரை சுற்றி வந்தான். ஒரு குழிகூட இல்லை. மாதக்கணக்கில் அவன் முகத்தில் வராத சிரிப்பு வந்தது. மொக்கையன் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு டீக் குடிக்கப் போனான்.

சென்னியப்பன் பூட்டைத் திறந்து தனியாக உள்ளே போனான். சமையற்கட்டைப் பார்த்தான். நடுவீட்டுக்கு வந்தான். வெளியே அத்தனை வெயில்... உள்ளே காலடியில் ஜில்லென்றது. சுண்ணாம்பு வாசனை போய்விட்டது. வேறொரு வாசனை. நனைந்த கயிறு... பாசி... கல் இடுக்கில் நாள்பட்டு நிற்கிற தண்ணீர்...

கிறீச்.

நின்று கேட்டான்.

கிறீச்... கிறீச்...

வெளியே ஓடி வந்தான். சத்தம் இல்லை. தூரத்தில் கம்பெனிப் புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. மிஷின் சத்தமாகத்தான் இருக்கும் என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான். நாமாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கத்தரீனாள். இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, புருஷனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து அங்கே வந்தவள். நல்ல மாதிரி. குடிவரப் போவது நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

"நேத்தே உங்க வீட்டுக்காரி வந்து பாத்துட்டுப் போனாவளே" என்றாள். "பிள்ளையும் கூட வந்துச்சு. அதுதான் அம்மையக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துச்சு."

நேற்றெல்லாம் சாவி மொக்கையனிடம் அல்லவா இருந்தது? எப்படியோ சென்னியப்பன் அதைக் கேட்டுவிட்டான். கதவு திறந்துதான் கிடந்தது என்றாள் அவள்.

"அந்தப் பிள்ள நடுவீட்டுல குப்புறப் படுத்துத் தரையில காத வச்சுக்கிட்டே கெடந்துச்சு. என்னம்மா கேக்குதுன்னு கேட்டேன். பேசாதீங்கன்னு கையக் காட்டுச்சு."

மொக்கையனுக்குக்கூடச் சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடினான். வேலந்தாவளம் வரைதான் பஸ் கிடைத்தது. அங்கிருந்து ஊருக்கு ஓட்டமும் நடையும். வாசலில் கூட்டம் நிற்கும், கிணற்றடியில் ஒப்பாரி கேட்கும் என்று நினைத்துக்கொண்டே ஓடியிருக்கிறான். அந்த ஓட்டத்தில் அவன் வேண்டாத தெய்வம் இல்லை. தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கூட வேண்டியிருக்கிறான்.

கூட்டம் இல்லை. சின்னத்தாயி குளித்து, தலைவாரி, வட்டிலில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஊடு நல்லாத்தானுங்க இருக்குது. நேத்தே போய்ப் பாத்துட்டு வந்துட்டன்" என்றாள். "பொன்னாத்தாளுக்கும் புடிச்சுப் போச்சு."

பெரியம்மாள் அண்ணனைத் தனியே இழுத்துப் போய் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். சின்னத்தாயி வாசற்படியைத் தாண்டவே இல்லையாம். நேற்று உச்சிக்குக் கொஞ்ச நேரம் கண்மூடிப் படுத்தாளாம், அவ்வளவுதான். பெரியம்மாள் பொய் சொல்கிறவள் இல்லை. அன்று அவள் அண்ணனிடம் கெஞ்சியிருக்கிறாள். அந்த வீடு வேண்டாம், வேறு ஊர் பார், எங்காவது கண்காணாத தேசமாகப் பார் என்று.

அதற்கு அவன் சொன்னதைப் பெரியம்மாள் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"எங்க போனாலும் அவ வருவா, தங்கச்சி. வரட்டும். எம்புள்ளதான? அங்க கெணறு இல்லை. எனக்கு அது போதும்."

யோசித்துப் பாருங்கள். அவன் இடத்தில் இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பீர்கள்?

குடிபோனார்கள். பால் காய்ச்சினார்கள். அவனுக்கு ஒரு கம்பெனியில் வாசல் காவல் வேலையும் கிடைத்தது. சின்னத்தாயி தேறிவிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. தெருக்குழாயில் கத்தரீனாளோடு நின்று சிரித்துப் பேசுவாளாம். உச்சி நேரத்தில் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே பேச்சுக்குரல் கேட்கும் என்பாள் கத்தரீனாள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டான் சென்னியப்பன். அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்... அவனும் ராத்திரியில் கண்மூடித் தூங்க ஆரம்பித்தான். பாவம், அந்தக் கொஞ்ச நாள்தான் அவனுக்குக் கிடைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. உச்சி நேரம். கம்பெனிக் கேட்டில் நின்றுகொண்டிருந்தவனைக் கத்தரீனாளின் புருஷன் ஓடி வந்து கூப்பிட்டான். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் சேந்துகிற சத்தம் கேட்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றான்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்தார்கள். அந்த வாசனை முகத்தில் அறைந்தது. நனைந்த கயிறு, பாசி...

நடுவீட்டில் தரை இல்லை. கிணறு இருந்தது.

உள்ளே குனிந்து பார்த்தவர்கள் சொன்னார்கள், சுற்றிலும் கல் கட்டு, கல்லில் பச்சைப் பாசி, எத்தனையோ காலத்துக் கிணறு மாதிரி. விளிம்புக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் நின்றது. சின்னத்தாயியைக் காணோம். கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கிற பாதாளக் கரண்டியை இறக்கினார்கள். கயிற்றோடு கயிறு முடிந்து முடிந்து இறக்கினார்கள். அடி தட்டவே இல்லை. காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த கத்தரீனாள் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னாள், அந்தக் கதவு வழியாக ஒரு கூடை மண்கூட வெளியே போகவில்லை என்று.

சென்னியப்பன் அன்று ராத்திரி முழுதும் அந்தக் கிணற்றுக்குள் பார்த்துச் சின்னத்தாயி, சின்னத்தாயி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான்கு பேர் பிடித்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் எருத்தேன்பதியிலிருந்து ஒரு பங்காளி சைக்கிளில் வந்தான். இங்கே நடந்தது அவனுக்குத் தெரியாது. அவன் வேறு சேதி கொண்டு வந்திருந்தான். உங்கள் வாசல் கிணறு நேற்று மத்தியானம் தூர்ந்துபோயிற்று, யார் செய்தது என்று தெரியவில்லை, சுவர் மட்டத்துக்கு மண் நிற்கிறது என்றான்.

போய்ப் பார்த்தார்கள். பெரியம்மாளும் அங்கே இருந்தாள். அவள் கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கிணறு நிறையப் பாறைச் சில்லும் செம்மண்ணும். நடுநடுவே சிமெண்டுத் தரையின் துண்டுகள். சென்னியப்பன் மண்ணில் இறங்கி ஒரு துண்டைப் புரட்டினான். மேல்பக்கத்தில் மாக்கோலத்தின் ஒரு மூலை இருந்தது. முந்தின நாள் காலையில், வெள்ளிக்கிழமை என்று சின்னத்தாயி கஞ்சிக்கோட்டு வீட்டின் நடுவில் போட்ட கோலம்.

விரலை வைத்தான். மாவு ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.