கண்டக்டர் அக்கா நின்ற கடைசிப் படி

தலைமை ஏற்றிருக்கும் மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, அக்காவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கையே, கடலோரத் தெருக்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். எல்லாரையும்விடப் பெரிய மாலையோடு வந்து மேடையில் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்தின் முதலாளி அவர்களே! உங்களுக்கு மட்டும் என்னிடம் வணக்கம் இல்லை.

முணுமுணுக்காதீர்கள். நான் ஓட்டிய பேருந்தில் அக்காதான் கண்டக்டர். அவர் விசில் கொடுக்காமல் நான் வண்டியை எடுத்ததும் இல்லை, நிறுத்தியதும் இல்லை. இன்று என்னை நிறுத்த ஆளில்லை.

ஓய்வு பெற்றபின் அவர் சும்மா இருந்தாரா? கடல் ஏறி நிற்கும் நேரத்தில் பெருமழை பெய்தால், வடிய வேண்டிய கால்வாய்த் தண்ணீர் திரும்பி நம் வீட்டுக்குள் வரும். இது நமக்குத் தெரியாதா? தெரிந்து என்ன செய்தோம்? பாத்திரங்களைப் பரணில் ஏற்றினோம். மனிதர்களை மாடியில் ஏற்றப் பழக்கியவர் நம் அக்கா! நல்ல வெயிலில் விசில் ஊதி, ஒத்திகைக்கு நம்மை இந்த மண்டபத்து மாடிக்கு ஓட்டி வந்தார். "உள்ள போ, உள்ள போ! படியில தொங்காதே!" என்பார். "டிக்கெட் குடுப்பீங்களாக்கா?" என்றார் சலூன்கார அண்ணன். "சில்லறை இல்லேன்னா எறங்கிக்கோ" என்றார் அக்கா. நடக்க முடியாதவர்கள் முதலில், கண்டக்டர் கடைசியில். அது அவர் போட்ட சட்டம்.

அன்று மத்தியானம் மழையும் கடலும் சேர்ந்தே வந்தன. விசில் கேட்டது. ஒத்திகை பார்த்தபடியே ஒருவர் விடாமல் வந்து படி ஏறினோம். மாடிக் கதவில் புதுப் பூட்டு! மழைக்காலம் முடியும்வரை பூட்ட மாட்டேன் என்று நம் முன்னால் வாக்குக் கொடுத்த முதலாளி போட்ட பூட்டு! அக்கா போன் செய்தார். ஸ்பீக்கரில் வந்த பதிலை எல்லோரும் கேட்டோம். "புதுக் கார்ப்பெட்டும்மா. நாளைக்கு ரிசப்ஷன். சேத்துக் காலோட ஏறினா மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? மழை இப்ப விட்டுடும், கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தோம் ஐயா! நம் தெருத் தச்சர் பூட்டை உடைக்கும்வரை படிகளில் நெருக்கியடித்து நின்றோம். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. "மேல வாங்கக்கா!" என்று கத்தினேன். "எடம் எங்கடா இருக்கு? நீ முன்னாடி பாரு" என்றார். பார்த்தேன். பிறகு திரும்பியபோது கடைசிப் படியில் அக்கா இல்லை.

முதலாளி அவர்களே, உங்கள் கார்ப்பெட் நன்றாகத்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்றாமல் மிதித்து வரும்படி எல்லோரிடமும் சொன்னவன் நான். சற்று முன் இயற்கையின் சீற்றம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்களே, சீற்றம் இயற்கைக்கு மட்டும்தான் வருமா? உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகளின் கல்யாணம் எதுவும் இனி இந்த மண்டபத்தில் நடக்காது. போனில் நீங்கள் பேசியதைக் கேட்ட அத்தனை பேரும் சாட்சி சொல்வார்கள்.

அக்காவின் வேலை நிற்காது. இனித் தங்கை விசில் ஊதுவார், நான் கடைசியில் நிற்பேன். அடுத்த ஒத்திகையும் இதே மாடிக்குத்தான். திறந்து வைப்பீர்களா என்று உங்களைக் கேட்கப் போவதில்லை. வாசல் பக்கம் என்ன சத்தம் என்று எட்டி எட்டிப் பார்க்கிறீர்களே, தச்சர்தான். கதவை நிலையோடு பெயர்த்துவிட்டார். போலீசைக் கூப்பிடப் போகிறீர்களா? தாராளமாகக் கூப்பிடுங்கள். உங்கள் மேல் புகார் கொடுத்த நாளிலிருந்து நாங்களும் அவர்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம்.